ஒரே மகன் எழுத மறுத்த மன்னிப்பு

வடசென்னை மூலக்கொத்தளம் மயானத்தில் நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் இருக்கிறது. ராஜாஜி அரசு 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, எதிர்த்துச் சிறை சென்றவர்கள் இவர்கள். நடராசன் பெற்றோருக்கு ஒரே மகன். நோயுற்ற நிலையில், மன்னிப்பு எழுதித் தந்தால் விடுதலை என்றார்கள், மறுத்தார். 1939 ஜனவரி 15 அன்று உயிர் பிரிந்தது. மார்ச்சில் தாளமுத்துவும் மறைந்தார்.

பெற்றவர்களைத் தவிக்கவிடுவது பிள்ளைக்கு அழகா?

சீனாவின் கன்பூசிய மரபு இந்தக் கேள்வியை ஆழமாக அலசியிருக்கிறது. பெற்றோர் தந்த உடலைச் சேதமின்றிக் காப்பது பிள்ளைக் கடமையின் தொடக்கம் என்கிறது ‘சியாவ்ஜிங்’ என்ற பழைய நூல். நல்வழியில் நின்று அவர்களுக்குப் புகழ் சேர்ப்பதே அதன் நிறைவு.

அதே நூலில், தந்தை சொல்வதையெல்லாம் கேட்பதுதான் கடமையா என்று சீடர் செங்ஸி கேட்க, கன்பூசியஸ் கடிந்துகொள்கிறார். தவறு கண்டால் மகன் தந்தையிடமும் அமைச்சர் அரசரிடமும் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். பின்னால் வந்த கன்பூசிய அறிஞர் சுன்ஸி, தந்தையைவிட அறத்தின் வழியே நடக்கச் சொன்னார். மரியாதை மட்டும் குறையக் கூடாது.

நடராசன், சியாவ்ஜிங் சொல்லும் அந்த நிறைவை எட்டிய பிள்ளை. எழும்பூரில் ஓர் அரசு மாளிகை இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. மூலக்கொத்தளம் பக்கம் போகும் பெற்றோர், பிள்ளைகளுக்கு அந்த நினைவிடத்தைக் காட்டுங்கள்.