லைன் கிளியர் வாங்காத தலைப்புகள்

அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வாங்காமல் வண்டியை அனுப்பினால் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சார்ஜ்ஷீட் நிச்சயம். பத்திரிகைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செய்தி வந்து சேருமுன்பே தலைப்பைப் புறப்பட விடலாம். எங்காவது மோதிக்கொண்டால் மறுநாள் உள்பக்கத்தில், வரிவிளம்பரங்களுக்கு அடியில், இரண்டு வரி வருத்தம். அப்படித் தடம் புரண்ட பழைய தலைப்புகளைப் படித்து, 'இது மட்டும் மெய்யாகியிருந்தால்?' என்று யோசிப்பது ரிட்டயரானவனுக்கு நல்ல பொழுதுபோக்கு. செலவும் இல்லை.

இந்த வரிசையில் சக்கரவர்த்தி என்றால் 1948 நவம்பர் 3-ஆம் தேதி 'சிகாகோ ட்ரிப்யூன்'தான். 'டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. அச்சுக் கோப்பவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் பக்கங்களை வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே முடிக்கவேண்டிய நெருக்கடி. ஓட்டு எண்ணி முடியவில்லை. எப்படியும் டூயிதானே என்று அனுப்பிவிட்டார்கள். எண்ணி முடித்தபோது ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் வாக்குகள், டூயிக்கு 189. மறுநாள் வாஷிங்டன் திரும்பும் வழியில் செயின்ட் லூயிஸ் ஸ்டேஷனில், ரயில் பெட்டியின் பின்புற மேடையில் நின்றபடி ட்ரூமன் அந்தப் பத்திரிகையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம் உலகப் பிரசித்தம். எல்லோரும் அதில் பத்திரிகையைப் பார்ப்பார்கள். என் கண் போவது பெட்டியின் மேல். 'ஃபெர்டினாண்ட் மகெல்லன்' என்று பெயர். எஃகுக் கவசமெல்லாம் போர்த்திச் சுமார் 129 டன்! வழியிலிருந்த பாலங்களுக்காக இன்றைக்கும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, தலைப்பு பலித்திருந்தால்? டூயி மூட்டை முடிச்சுகளோடு வெள்ளை மாளிகைக்குக் குடி வந்திருப்பார். வந்த பிறகுதான் தெரிந்திருக்கும், வீடு இருந்த லட்சணம். அந்த வருஷம்தான் ட்ரூமனின் மகளுடைய பியானோவின் கால் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கியது. உத்தரங்கள் தளர்ந்து, கட்டடமே குடியிருக்க லாயக்கில்லை என்றாகிவிட்டது. ட்ரூமன் எதிர்வரிசை பிளேர் மாளிகைக்கு மாறினார். வெளிச்சுவர்களை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகக் கட்டி முடிக்க 1952 ஆயிற்று. டூயி ஜெயித்திருந்தால் பதவிக்காலத்தில் முக்கால்வாசி காண்டிராக்டரோடு மல்லுக்கட்டியே தீர்ந்திருக்கும். மராமத்து வேலை பார்த்தவன் சொல்கிறேன், தோற்றதே நல்லது.

இன்னொரு தலைப்பு, 1912 ஏப்ரல் 15 மாலை, நியூயார்க் 'ஈவினிங் சன்': டைட்டானிக்கில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர். கப்பலை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வருகிறார்களாம். கப்பல் அன்று விடியற்காலை 2.20-க்கே மூழ்கிவிட்டிருந்தது. இதையும் வேடிக்கையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கப்பல் கம்பெனி, பயணிகளை அழைத்து வர ஹாலிஃபாக்ஸுக்கு ஸ்பெஷல் ரயிலே ஏற்பாடு செய்திருந்தது. எத்தனை பெட்டி, யார் யாருக்கு எந்தப் படுக்கை, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று எவனோ ஒரு ரயில்வேக்காரன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பான். அந்த வண்டியை வழியிலேயே திருப்பிவிட்டார்கள். சுமார் 1,500 பேர் கடலோடு போனார்கள். அந்தத் தலைப்பு பலித்திருந்தால், ஹாலிஃபாக்ஸ் பிளாட்பாரத்தில் கீழ்ப்படுக்கைக்கு ஆயிரம் பேர் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டை நடந்திருக்கக் கூடாதா?

நம் ஊருக்கு வருவோம். 1979 மார்ச் மாதம். ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்தார். அவர் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் அறிவிக்க, ஆகாசவாணியும் அதைச் சொல்லிவிட்டது. அவையில் அஞ்சலி செலுத்தி ஒத்திவைத்தார்கள். ஜே.பி.யோ உயிரோடு இருக்கிறார்!

பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே விளங்கும். வருஷா வருஷம் நவம்பரில் நாம் நேரில் போய் நின்றாலும், 'உயிருடன் இருக்கிறார்' என்று சான்றிதழ் இல்லாமல் கவுண்டரில் ஒருவரும் நம்புவதில்லை. பாராளுமன்றமே இரங்கல் தெரிவித்த ஆள் திரும்பி வந்தால் எந்த ஃபாரத்தில், யார் கையெழுத்தோடு எழுதிக் கொடுப்பது? இரங்கலை வாபஸ் வாங்கத் தனித் தீர்மானமா? அஞ்சலியில் சொன்ன நல்ல வார்த்தைகளையும் சேர்த்துத் திருப்பி வாங்கிக்கொள்வதா, அவை மட்டும் அவைக்குறிப்பில் இருக்கட்டும் என்று விடுவதா?

ஜே.பி. அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தார். ஜூலையில் மொரார்ஜியின் மந்திரிசபை போயிற்று. ஆகஸ்டில் அந்த லோக்சபாவையே கலைத்தார்கள். அக்டோபர் 8-ஆம் தேதி பாட்னாவில் ஜே.பி. மெய்யாகவே கண்ணை மூடியபோது, அஞ்சலி செலுத்த லோக்சபா என்று ஒன்று இல்லை.