மீன் தொட்டிக்குப் பின்திரை அமைத்தல்

பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் உள்ள கண்ணாடி மீன் தொட்டிகள் பல, நாற்புறமும் மறைப்பின்றியே வைக்கப்படுகின்றன. பின்னாலுள்ள சுவரும் மின்கம்பியும் காற்றுக் குழாயும் கண்ணில் படுவது ஒரு குறையே. அதனினும் பெரிய குறை மீன்களுக்கு நேர்வது. எப்புறமும் ஒளி பாயும் தொட்டியில் அவை ஒதுங்க இடமின்றி மிரள்கின்றன, நிறமும் வெளிறுகின்றது.

இந்நிற மாற்றம் ஆசிரியர்கள் கருதத்தக்கதாகும். மீனின் தோலில் கருநிறமி கொண்ட உயிரணுக்கள் உள்ளன. சூழல் கருமையாயிருப்பின் நிறமித் துகள்கள் உயிரணு முழுவதும் பரவுகின்றன, உடல் கருக்கின்றது. சூழல் வெளிறியிருப்பின் அவை நடுவில் திரள்கின்றன; உடலும் வெளிறுகின்றது. இதனைத் தூண்டுவது கண். மேலிருந்து வரும் ஒளியோடு அடித்தளத்திலிருந்து மீளும் ஒளியை அது ஒப்பிடுகின்றது. 1973-இல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், தம் ஆய்வு வாழ்வின் தொடக்கத்தில் மீன்களின் நிறமாற்றத்தையே ஆராய்ந்தார். ஆகவே கரும் பின்திரையை அமைத்துவிட்டு அடியில் வெண்மணலைப் பரப்பினால் பயன் குறையும். மணலும் கருமையாக இருத்தல் நன்று. கங்கைப் படுகையில் வாழும் வரிக்குதிரை மீன்களை இரு கண்ணாடிச் சாடிகளில் விட்டு, ஒன்றைக் கருந்தாளாலும் மற்றொன்றை வெண்தாளாலும் அடியிலும் பக்கங்களிலும் சூழ்ந்து வைத்தால், இவ்வேறுபாட்டை வகுப்பிலேயே காட்டலாம்.

பின்திரைக்குப் பளபளப்பற்ற கருப்பு அல்லது கருநீலமே ஏற்றது. பவழப் பாறைப் படங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றின் முன் நன்னீர் மீனை நீந்தவிடுவது மாணவர்க்குத் தவறான பாடமாகும். கண்ணாடி போல் உருவம் காட்டும் தாள் அறவே கூடாது. சண்டை மீனின் ஆண், தன் நிழலையே பகைவனாகக் கொண்டு ஓயாது சீறிக் களைத்துப்போகும்.

திரையைத் தொட்டியின் வெளிப்புறத்திலேயே ஒட்டவேண்டும். பலர் நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டு நாடா இட்டு நிறுத்திவிடுகின்றனர். அப்போது கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் நிற்கின்றது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் பரப்பு, நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும். சாய்வாக விழுந்தால் இன்னும் மிகுதி. திரை வெள்ளிப் பூச்சுப் போல் மங்கித் தோன்றுவது இதனாலேயே. காற்றை நீக்கி அவ்விடத்தில் கிளிசரினை நிரப்பினால் குறை பெரிதும் மறையும். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47, சாதாரணக் கண்ணாடியினது ஏறத்தாழ 1.5. தண்ணீரும் உதவும், எனினும் விரைவில் உலர்ந்துவிடும். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்கு நாற்றம் கொள்வதோடு நாடாவின் பசையையும் இளக்கிவிடும்.

கண்ணாடியைத் துடைத்து, கிளிசரினை மெல்லியதாகத் தடவி, நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் தாளை அதன்மேல் படியவைத்து, அளவுகோலின் விளிம்பால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தித் தள்ளவேண்டும். வழிந்ததைத் துடைத்தபின் நான்கு ஓரங்களையும் நாடாவால் முழுவதும் மூடவேண்டும். தொட்டியில் நீர் நிரப்புமுன் இதனை முடித்துவிடுதல் நலம். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் 54 லிட்டர் நீர் கொள்ளும். நிரம்பியபின் அதனைச் சுவரிலிருந்து நகர்த்த முயன்றால் அடிக்கண்ணாடி விரிசலுறக்கூடும்.