கும்மிடிப்பூண்டி வானத்தைக் கணக்கிட ஒரு காற்றுத் தூண்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், ஜி.என்.டி. சாலையில் இரவும் பகலும் ஓடும் டீசல் லாரிகள் எல்லாம் ஒரே வானத்தில்தான் புகையைக் கொட்டுகின்றன. அந்தப் புகை நுரையீரலை என்ன செய்கிறது என்று நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். வெயிலை அது என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. மேலே படர்ந்த புகை தரைக்கு நிழல் தருகிறதா, வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறதா? இதற்கு விடை தேட முழு உலகத்தையும் கணினியில் ஏற்ற வேண்டியதில்லை. இந்த ஊருக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்கும் ஒரே ஒரு காற்றுத் தூணைக் கணக்கிட்டாலே கேள்வியின் மையம் பிடிபடும் என்பதே என் வாதம்.

இந்த ஒற்றைத் தூண் மாதிரியில் வளிமண்டலம் பல அடுக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு வெயிலை உறிஞ்சுகிறது, எவ்வளவு வெப்பத்தை மேலும் கீழும் உமிழ்கிறது, கீழே சூடான காற்று எவ்வளவு மேலெழுகிறது என்பவற்றை மட்டும் கணினி பார்க்கும். காலநிலை விஞ்ஞானி சியுகுரோ மனாபே 1964-ல் இப்படிக் கணக்கிட்டபோது, கதிர்வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் தரையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கியது. காற்று மேலெழுந்து வெப்பத்தைக் கடத்துவதையும் சேர்த்ததும் அது நாம் வாழும் அளவுக்கு இறங்கியது. 1967-ல் அவரும் ரிச்சர்ட் வெதரால்டும் கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கிப் பார்த்தார்கள். தரை சுமார் 2.4 டிகிரி சூடாகும், மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிரும் என்று விடை வந்தது. பலூன்களும் செயற்கைக்கோள்களும் பின்னாளில் அந்தக் குளிர்ச்சியை உறுதிசெய்தன. அதே இரட்டிப்புக்கு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021-ல் சொன்ன மதிப்பீடு 3 டிகிரி. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒற்றைத் தூண் அதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. அதே ஆண்டு மனாபேவுக்கு இயற்பியல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிலில் வேலை பார்த்தவர். அமெரிக்கா சென்று கோள்களின் வளிமண்டலங்களை ஆராய்ந்த அவர், தொழிற்சாலையில் பழகிய அதே குளிர்பதன வாயுக்களைப் பூமியின் காற்றில் வைத்துக் கணக்கிட்டார். நூறு கோடிக்கு இரண்டு பங்கு என்ற அளவில் இருந்தாலே குளோரோஃபுளோரோகார்பன்கள் பூமியைக் குறிப்பிடத்தக்க அளவுக்குச் சூடாக்கும் என்று 1975-ல் காட்டினார். பிறகு 1999-ல் இந்தியப் பெருங்கடல் ஆய்வில் தெற்காசியப் புகைப்படலத்தைப் பல நாட்டு அறிஞர்கள் அளந்தார்கள். மாலத்தீவின் காசிதூ தீவில் எடுத்த அளவுகளைக் கொண்டு வளிமண்டல ஆய்வாளர் சதீஷும் ராமநாதனும் 2000-ல் எழுதியது, தரை இழக்கும் வெயில் விண்வெளிக்குத் திரும்பும் கூடுதல் வெயிலைப்போல் சுமார் மூன்று மடங்கு என்பது. மிச்சம் எங்கே போனது? தூணின் நடுவிலேயே சிக்கிக் காற்றைச் சூடாக்கியது. நிழலா சூடா என்ற கேள்விக்கு விடை, இரண்டும்தான். கீழே நிழல், மேலே சூடு.

திருவள்ளூர் மாவட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. நிலக்கரியின் கந்தகம் காற்றில் சல்பேட் துகளாக மாறி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. டீசல், விறகு, குப்பை எரிப்பில் வரும் கரித்துகள் வெயிலை விழுங்குகிறது. வெளியே இரண்டும் கலந்தே இருப்பதால் அளவுகளை மட்டும் வைத்து எது எவ்வளவு செய்கிறது என்று பிரிப்பது கடினம். தூணில் சல்பேட்டை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். கரியை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். கரியை 2 கி.மீ. உயரத்துக்கு ஏற்றியும் பார்க்கலாம். கரி உயரத்தில் இருந்தால் மேல்காற்று சூடாகி, தரை குளிர்ந்து, காற்று மேலெழுவது தளர்கிறது. புகையும் கலைய வழியின்றித் தேங்குகிறது.

கடலோர ஊரை ஒற்றைத் தூணாக எப்படிப் பார்ப்பது, பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து காற்று வீசினால் கணக்கு என்னாகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பக்கவாட்டில் வரும் காற்றையும் ஈரத்தையும் தூண் தானாகக் கண்டுபிடிக்காது. வானிலைத் தரவுகளிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தத் தெருவில் எவ்வளவு புகை, எந்த ஊரில் எத்தனை டிகிரி ஏறும் என்பதற்கும் அதனிடம் விடை கிடையாது. பெரிய கணினி இருக்கும்போது சிறியது எதற்கு என்றும் கேட்கலாம். புணேவில் 2024-ல் இயங்கத் தொடங்கிய அர்கா போன்ற சூப்பர் கணினிகளில் ஓடும் மாதிரிகளிலும் கதிர்வீச்சு, மேகம், மேலெழும் காற்று ஆகியவை பெரும்பாலும் தூண் தூணாகவே கணக்கிடப்படுகின்றன. ஆயிரக்கணக்கான தூண்களுக்குள் புதைந்து கிடக்கும் பிழை, ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து ஓட்டும்போதுதான் கண்ணில் படும்.

இதற்கு வேண்டியவை அருகிலேயே இருக்கின்றன. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பறக்கவிடும் பலூன்கள் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரவாரியாகத் தருகின்றன. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், ஆந்திரத்தின் கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் ராடாரும், லேசர் ஒளியால் துகள்களை அளக்கும் லைடாரும் உண்டு. கணக்கை ஓட்ட ஒரு மடிக்கணினி போதும். மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகள் இதைச் செய்யத் தொடங்க வேண்டும். ஏனென்றால் இதில் கொள்கையும் அடங்கியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். கரித்துகள் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டொரு வாரங்களில் விழுந்துவிடும். அதைக் குறைத்தால் பலன் உடனே தெரியும். மக்களின் மூச்சுக்காகக் கந்தகத்தைக் கட்டாயம் அகற்ற வேண்டும். ஆனால் கரியை விட்டுவிட்டுக் கந்தகத்தை மட்டும் அகற்றினால் நிழல் போய்ச் சூடு நிற்கும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்பதை இந்த மாவட்டத்தின் மாணவர்களே எண்களோடு எடுத்துச் சொன்னால், ஆலைகளும் அரசும் அதைத் தட்டிக்கழிப்பது எளிதாக இருக்காது.