சின்ன ரொக்கெட்டும் குறுக்கே கிடக்கும் தீவும்

ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து தேசப்படத்தில் நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சென்னையை உரசிக் கடலில் இறங்கி, பருத்தித்துறைப் பக்கம் கரையேறும். சற்று மேற்கே சாய்த்தால் நான் படிப்பிக்கிற நெடுந்தீவு. நானோ தமிழ் ஆசிரியன். ஆனாலும் இஸ்ரோவின் மலிவான ரொக்கெட்டைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

பூமியைப் படம்பிடிக்கும் செய்மதிகள் பெரும்பாலும் துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகின்றன. அதற்கு ரொக்கெட் தெற்கே போகவேண்டும். தெற்கே இலங்கை கிடக்கு. எரிந்து கழன்ற பாகங்கள் குடிமனைகளில் விழக்கூடாதே! ஆகவே தென்கிழக்கே கிளம்பி, தீவைச் சுற்றி வளைந்து திரும்பவேண்டும். வளைவதற்கு எரிபொருள் செலவு. பெரிய பி.எஸ்.எல்.வி. அதைத் தாங்கும். 120 தொன் எடையில் 500 கிலோவை மட்டுமே தூக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த நட்டம் பெரிது.

சின்ன ரொக்கெட் இந்தியாவுக்குப் புதிதல்ல. பாக்குநீரிணைக்கு அக்கரை இராமேஸ்வரத்துத் தோணிக்காரரின் மகன் மர்ஹூம் அப்துல் கலாம் வழிநடத்திய எஸ்.எல்.வி.-3, 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் 35 கிலோ ரோகிணியைச் சுற்றவிட்டது.

எஸ்.எஸ்.எல்.வி.க்கும் முதல் பயணம் சரிவரவில்லை. 2022 ஆகஸ்ட் 7இல், இரண்டாம் கட்டம் கழன்றபோது ஏற்பட்ட அதிர்வைக் கணினி, உணர்கருவிகளின் பழுதென்று எடுத்துக்கொண்டது. பாதையின் ஒரு முனை 76 கிலோமீற்றருக்குத் தாழ்ந்துவிட, செய்மதிகள் நிலைக்கவில்லை. அவற்றில் ஒன்று ஆசாதிசாட். 75 அரச பாடசாலைகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்த எட்டுக் கிலோப் பொருள். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் 2023 பெப்ரவரி 10இல், ஆறே மாதத்தில், ஆசாதிசாட்-2 450 கிலோமீற்றர் உயரத்தை எட்டியது. ரொக்கெட் மலிவு என்பதன் பெறுமதி எனக்கு இங்கேதான் விளங்குகிறது. 2024 ஆகஸ்ட் 16இல் மூன்றாம் பயணமும் வெற்றி.

வளைகிற பிரச்சினைக்குத் தீர்வு, காயல்பட்டினத்துக்குத் தெற்கே அதே கரையிலுள்ள குலசேகரன்பட்டினம். அங்கிருந்து தெற்கே விட்டால் இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடும். முன்னால் அந்தாட்டிக்கா வரை கடல்தான். 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள்.

எங்கள் நாட்டின் ஒரு கிலோ இராவணா-1, 2019இல் அமெரிக்காவிலிருந்துதான் புறப்பட்டது. குலசையோ மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம்.