கைகூடாத முதற்காதல்

காதலர் மாலை மாற்றிக்கொள்வதோடு முடியும் கதைகளையே நம்மிற் பலர் விரும்புகின்றோம். ருஷ்ய நாட்டு எழுத்தாளர்களோ முதற்காதலை அவ்வாறு முடிப்பது அரிது. கைகூடாத காதல் ஓர் இளம் உள்ளத்தை என்ன செய்கின்றது என்பதையே அவர்கள் ஆராய்ந்தனர்.

புஷ்கின் இயற்றிய 'எவ்கேனி ஒனேகின்' என்னும் செய்யுள் நாவல் 1833 இல் முழு நூலாக வெளிவந்தது. அதில் வரும் தாத்தியானா நாட்டுப்புறத்து நங்கை. தலைநகரிலிருந்து வந்த ஒனேகின்மீது காதல் கொண்டு, இரவெல்லாம் விழித்திருந்து அவனுக்குக் கடிதம் எழுதுகின்றாள். அவனோ தோட்டத்திலே அவளைக் கண்டு, பெரியவர் போல அறிவுரை கூறி மறுத்துவிடுகின்றான். ஆண்டுகள் சில கழிகின்றன. பிரபு ஒருவரின் மனைவியாகிவிட்ட அவள் முன் அவனே காதலுக்காக மண்டியிடுகின்றான். தன் காதல் அழியவில்லை என்பதை அவள் மறைக்கவில்லை. ஆயினும் கணவனுக்குத் துரோகஞ் செய்ய இசையவில்லை. அன்று நடுங்கியவள் இன்று நிமிர்ந்து நிற்கின்றாள்.

இக்கதையைச் சாய்கோவ்ஸ்கி இசைநாடகமாக்கினார். இளமையின் உண்மையுணர்ச்சி மேடையில் விளங்கவேண்டுமென அவர் விரும்பினார். ஆதலின் 1879 இல் மாஸ்கோவில் அதனை முதன்முதல் நடித்தோர் இசைக் கல்லூரி மாணவரே. தாத்தியானா கடிதம் வரையும் காட்சி இன்றும் அந்நாடகத்தின் உயிராக விளங்குகின்றது.

துர்கனேவ் 1860 இல் வெளியிட்ட 'முதற்காதல்' இன்னும் கசப்பானது. 16 வயதுச் சிறுவன் ஒருவன், அயல்வீட்டுச் சினயீதா என்னும் 21 வயது மங்கையிடம் மனத்தைப் பறிகொடுக்கின்றான். அவள் காதலிப்பதோ அவனுடைய தந்தையை! ஒருநாள் தந்தை சவுக்கால் அவள் கையில் அடிப்பதையும், அவள் அத்தழும்பை மௌனமாக முத்தமிடுவதையும் சிறுவன் மறைவில் நின்று காண்கின்றான். தன் காதல் எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்பதை அக்கணமே உணர்கின்றான். பின்னர்த் தந்தையும் இறக்கின்றார். சினயீதாவும் பிரசவத்தில் மாள்கின்றாள். அவ்விருவருக்காகவும் தனக்காகவும் பிரார்த்திக்க விழையும் நெஞ்சமே அவனுக்கு எஞ்சுகின்றது.

திரையுலகிலும் இம்மரபு தொடர்ந்தது. றோசவ் எழுதிய நாடகத்தைத் தழுவிக் கலத்தோசவ் 1957 இல் இயக்கிய 'கொக்குகள் பறக்கின்றன' மறுவருடம் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. 1941 இல் போருக்குச் செல்லும் போரிஸை வழியனுப்ப வந்த வெரோனிக்கா, சனக்கூட்டத்தில் அவனைக் காணாமலே நிற்கின்றாள். அவன் களத்தில் வீழ்கின்றான். குண்டுவீச்சில் பெற்றோரை இழந்த அவள், மனந்தளர்ந்து அவனுடைய உறவினனை மணந்து, பின்னர் அதற்காக வெந்து வருந்துகின்றாள். போர் முடிந்ததும் மலர்களுடன் புகையிரத நிலையத்துக்கு ஓடுகின்றாள். போரிஸ் இறந்தது உறுதியாகின்றது. அழுதுகொண்டே அம்மலர்களை, மீண்டு வந்த மற்றைய வீரர்களுக்கு வழங்குகின்றாள்.

வகுப்பிலே திடீரென மௌனமாகிவிடும் மாணவரை நாம் கண்டதுண்டு. அத்துயரைப் பெரியோர் நகைப்பர். ஒனேகினைப் போல உபதேசமும் செய்வர். இளைஞரோ வாழ்வே முடிந்ததென மயங்குவர். ஒருவருக்கெனக் கொண்டுவந்த மலரை, அவர் வாராதபோது பிறருக்கு அளிக்க ஓர் உள்ளத்தால் முடியும். அதனைப் பெரியோரும் இளையோரும் சேர்ந்து அறிதற்கு இவ்வாக்கங்கள் உதவும்.