மரத்தில் தாடி போலத் தொங்கும் பாசி: மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறதா?

தருமபுரி மாவட்டம் ஏரியூரில் ரெண்டு நாள் மழை பெய்தால் போதும். கறுத்துக் காய்ந்து கிடந்த சுவர்ப்பாசி பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். அதன் சொந்தக்காரர்தான் நீலகிரி, கொடைக்கானல் சோலைக்காடுகளில் மரக்கிளையில் தொங்கும் மீட்டியோரியம். ‘மரத்தை உறிஞ்சிடும், பிய்ச்சுப் போடு’ என்பவர்கள் உண்டு. உண்மை என்ன?

உறிஞ்சுவதற்கு அதற்கு வேரே கிடையாது!

எப்படி இருக்கும்?

மெல்லிய முதன்மைத் தண்டு மரப்பட்டையில் ஒட்டிப் படரும். பிடித்துக்கொள்ள நூல் போன்ற வேரிழைகள் மட்டுமே உண்டு. அந்தத் தண்டிலிருந்து கிளைகள் கீழே தொங்கும். கூரை ஓடு போல இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். குழிந்த இலையின் நடுவே ஒற்றை நரம்பு. நுனி சட்டென ஒடுங்கி மயிரிழை போல நீளும்.

தண்ணீர் எங்கிருந்து?

மழையும் மூடுபனியும்தான். நரம்பைத் தவிர்த்தால் இலையின் தடிமன் ஒரே ஒரு செல். செல்களின் மேல் உள்ள நுண்ணிய முண்டுகளுக்கு இடையே நீர் வேகமாகப் பரவி உள்ளே இறங்கும். வெயிலில் சுருண்டு காயும், ஆனால் சாகாது. நனைந்தால் மீண்டும் விரியும்.

இதுவும் அதுவும் ஒன்றா?

சாம்பல் கலந்த பச்சையில் தொங்கும் அஸ்னியா, பாசி அல்ல, அது லைக்கன். மெல்ல இழுத்தால் உள்ளே வெள்ளை நூல் தெரியும்.

ஏரியூர் வெயிலில் மீட்டியோரியம் தொங்காது. அதற்கு மூடுபனி வேண்டும். மலையில் பார்த்தால் பிய்க்க வேண்டாம். மரத்துக்கு அதனால் லாபமில்லை; அதில் ஒதுங்கும் சிறு பூச்சிகளுக்குத்தான் வீடு போகும்.