உங்களுக்குத் தெரியுமா? சாரலில் நனையும் சிப்!

குற்றாலம் ஐந்தருவியில் நின்று ஒரு போட்டோ எடுக்கிறீர்கள். 3 எம்.பி. என்று வையுங்கள். ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினி போர்டில் புரோகிராமுக்கு இருக்கும் இடம் மொத்தமே 32 கே.பி.! அந்த ஒரு போட்டோவைப் போட்டு வைக்க 96 போர்டு வேண்டும்!

ரேம் இன்னும் பரிதாபம். வெறும் 2 கே.பி.! இளப்பமாக நினைத்துவிடாதீர்கள். 1969இல் நிலவில் மனிதனை இறக்கிய அப்போலோ கணினிக்கே 4 கே.பி.தான். அதன் கடிகாரம் 2 மெகாஹெர்ட்ஸ். நம்ம ஊனோ 16!

அருவித் தண்ணீர் மட்டத்தை அளக்க அல்ட்ராசோனிக் சென்சார் வாங்கியாச்சா? 35 டிகிரி தென்காசி வெயிலில் சரிபார்த்துவிட்டு, 22 டிகிரிக் குற்றாலச் சாரலில் கொண்டுபோய் மாட்டுங்கள். 4 மீட்டருக்குச் சுமார் 9 சென்டிமீட்டர் தப்பாகச் சொல்லும்! ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் அது தூரத்தை அளக்கிறது. குளிரில் ஒலி மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். ஒரு வெப்பநிலை சென்சாரையும் கூடவே மாட்டினால் தீர்ந்தது.

சீசன் தொடக்கத்தில், ஜூன் 1 நள்ளிரவு 12 மணிக்கு ஊனோவை ஆன் செய்யுங்கள். அது மில்லிசெகண்டை எண்ணிக்கொண்டே போகும். ஜூலை 20 மாலை 5 மணி 2 நிமிடத்துக்கு எண்ணிக்கை பொசுக்கென்று பூஜ்யமாகிவிடும்! 49 நாள், 17 மணி நேரம். அதற்கு மேல் எண்ணத் தெரியாது!

கரண்ட் போனாலும் அழியாத ஊனோவின் ஈ-ப்ராம் மெமரியின் ஒவ்வொரு கட்டத்திலும் 1 லட்சம் முறைதான் எழுத உத்தரவாதம். தாராளம் என்கிறீர்களா? ஒரே கட்டத்தில் நிறுத்தாமல் எழுதும் புரோகிராம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 6 நிமிடத்துக்குள் கோட்டா காலி!

விரலில் சுரீர் என்று நீங்கள் உணரும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட். சில சிப்புகள் சாக அதில் பத்தில் ஒரு பங்கே போதும். உங்களுக்குத் தெரியாமலே கொலை நடந்துவிடும்! ஈரக்காற்றில் இந்தத் தொல்லை குறைவு. குற்றாலவாசிகளுக்கு லாபம்.

ஆனால் லாபம் அங்கேயே முடிந்தது! போர்டின் பின்களுக்கு நடுவே இடைவெளி 2.54 மில்லிமீட்டர். ஒரு சாரல் துளி பாலம் போட்டுவிடும். பெட்டிக்குள் வையுங்கள். 230 வோல்ட்டை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே இருந்தால் இதில் பேச்சே இல்லை. ஈரக் கையோடு கிட்டேயே போகாதீர்கள்!

ஊனோவின் ஒரு பின்னிலிருந்து நிம்மதியாக எடுக்கலாம் 20 மில்லி ஆம்பியர். 40 தாண்டினால் பின் போச்சு. மோட்டாரை நேரடியாக மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது!

ஈ.எஸ்.பி.32 போர்டில் வைஃபை உண்டு, புளூடூத் உண்டு, 240 மெகாஹெர்ட்ஸ் உண்டு. 5 வோல்ட்டைத் தாங்கும் தெம்பு மட்டும் கிடையாது. அதன் பின்களுக்கு 3.3தான்!

மலைமேல் போன் சிக்னல் இல்லையா? தொலைதூரம் எட்டும் லோரா ரேடியோ மாட்டுங்கள். இந்தியாவில் அதற்கான 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸே வேண்டாம்!

சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து விண்வெளிக்கென்றே ‘ஐரிஸ்’ சிப்பை வடிவமைத்தன. சண்டிகரை அடுத்த மொகாலியில் தயாரானது. 2025இல் வெற்றிகரமாக இயங்கியும் காட்டியது!

ஊனோவின் சிப்பைத் தனியே கழற்றி 1.8 வோல்ட்டில் தூங்கவிட்டால் அது குடிக்கும் கரண்ட் 0.1 மைக்ரோ ஆம்பியர். 220 மில்லி ஆம்பியர்-மணி பட்டன் பேட்டரி ஒன்று, வெறும் கணக்குப்படி 250 ஆண்டு தாங்கும்! பேட்டரி அதற்கு ரொம்ப முன்பே தானாகச் செத்துப்போகும் என்பது வேறு விஷயம்!